மின்சார ஓவனின் வெப்பத்தைக் கட்டுப்படுத்தித் திரையில் காட்டுவது எப்படி: முதல்முறை செய்பவர்களுக்கு

என் ஓவனின் குமிழை 180-இல் வைத்தால் உள்ளே 215 டிகிரி வரை ஏறிக்கொண்டிருந்தது. அது தெரியாமலே ஒன்றரை வருடம் ஓட்டினேன். ஓரம் கருகும், நடு வேகாது. பழியை மாவின் மேல் போட்டுக்கொண்டிருந்தேன். காரணம் புரிந்ததும், குமிழோடு வரும், சூடு ஏறியதும் ஹீட்டரை அணைக்கும் பழைய தெர்மோஸ்டாட்டை நம்பாமல் டிஜிட்டல் கன்ட்ரோலர் வைத்து, உள்ளே எவ்வளவு வெப்பம் என்று திரையில் பார்க்கிற மாதிரி மாற்றிவிடலாம் என்று இறங்கினேன். ஒரு வார வேலை என்று நினைத்தது மூன்று மாதம் இழுத்தது. தவறான மாடல் வாங்கினேன். ஒரு ரிலே (சிக்னல் கொடுத்தால் ஹீட்டரை ஆன்-ஆஃப் செய்யும் சுவிட்ச்) புகைந்தது. சென்சாரைத் தப்பான இடத்தில் வைத்து இரண்டு வாரம் போயிற்று. அந்த மூன்று மாதம் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இது காயில் ஹீட்டரும் திருகும் குமிழும் உள்ள சாதாரண மின்சார ஓவனுக்கான வழி. மைக்ரோவேவ் ஓவனை எந்தக் காரணத்துக்காகவும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டரில் ஆளைக் கொல்லும் அளவுக்கு மின்னூட்டம் நிற்கலாம். 500 டிகிரி அளவுக்குச் சூடேறித் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும் வகை ஓவனையும் விட்டுவிடுங்கள். வீட்டு மின்சாரத்தில் இதுவரை கை வைத்ததே இல்லை என்றால், ஐந்தாம் படியை மட்டும் ஒரு எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். மற்ற எல்லாவற்றையும் நீங்களே செய்யலாம். கீழே வரும் டிகிரி எல்லாம் செல்சியஸ்.

1. வாங்குவதற்கு முன் ஒரு மாலை நேரம் அளந்து பாருங்கள்

நான் செய்த முதல் தப்பு, அளக்காமல் வாங்கியது. தெர்மோகப்பிள் (இரண்டு உலோகக் கம்பிகளை முனையில் சேர்த்த வெப்ப சென்சார்) வயரோடு வரும் ஒரு மல்டிமீட்டர் போதும். காலி ஓவனின் நடுத்தட்டில், கம்பியைத் தொடாமல் வயரின் முனை அந்தரத்தில் நிற்கும்படி வையுங்கள். கதவின் இடுக்கு வழியாக வயரை வெளியே எடுங்கள். குமிழை நீங்கள் அதிகம் பயன்படுத்தும் அளவில் வைத்து, ஒரு மணி நேரம், நிமிடத்துக்கு ஒரு தடவை எண்ணை எழுதுங்கள். ஹீட்டர் விளக்கு எப்போது அணைகிறது, எப்போது எரிகிறது என்பதையும் பக்கத்திலேயே குறியுங்கள்.

என் நோட்டில் இருந்தது இது: 17-ஆவது நிமிடம் விளக்கு அணைந்தது, அப்போது 196. அணைந்த பிறகும் ஏறி 215-இல் நின்றது. மெல்ல இறங்கி 171-இல் விளக்கு எரிந்தது. எரிந்த பிறகும் 166 வரை இறங்கித்தான் திரும்ப ஏறியது.

காயில் சிவந்து பல நூறு டிகிரியில் இருக்கும். மின்சாரத்தை நிறுத்தினாலும் அதில் தேங்கிய வெப்பம் கொஞ்ச நேரம் வெளியே வந்துகொண்டே இருக்கும். சுவரோரம் ஒட்டியிருக்கும், வெப்பத்தை உணரும் தெர்மோஸ்டாட் முனைக்கு அந்தச் சூடு தாமதமாகத்தான் போய்ச் சேரும். இரண்டு தாமதமும் சேர்ந்துதான் இந்த ஊஞ்சல்.

இப்போது உங்கள் எண்களைப் பாருங்கள். இரண்டு வேறு கோளாறுகள் அதில் கலந்திருக்கும். ஒன்று, சராசரியே தள்ளி இருப்பது. எனக்கு 180 கேட்டால் சராசரி 190 அளவில் வந்தது. இன்னொன்று, ஏற்ற இறக்கம்; எனக்கு 49 டிகிரி. சராசரி மட்டும்தான் தள்ளி இருக்கிறது, ஏற்ற இறக்கம் சின்னது என்றால் இந்தக் கட்டுரையின் மிச்சம் உங்களுக்குத் தேவையே இல்லை. குமிழைச் சுற்றிப் புதிதாகக் கோடு போட்டுக்கொள்ளுங்கள், வேலை முடிந்தது. ஏற்ற இறக்கம் பெரிது என்றால் மட்டும் மேற்கொண்டு படியுங்கள்.

2. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

ஓவனின் பின்பக்கமோ கதவோரமோ ஒரு தகடு இருக்கும். அதில் வோல்ட், வாட் இரண்டையும் படம் எடுங்கள். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். 230 வோல்ட்டில் 2000 வாட் என்றால் 8.7 ஆம்பியர், 120 வோல்ட்டில் 1500 வாட் என்றால் 12.5 ஆம்பியர். நீங்கள் வாங்கப்போகும் ஒவ்வொரு பொருளையும் இந்த ஒரு எண்தான் தீர்மானிக்கும்.

பிளக்கைக் கழற்றிய பிறகு ஹீட்டரின் ஒரு முனை வயரைப் பிரித்துவிட்டு, அதன் இரண்டு முனைக்கும் நடுவே மல்டிமீட்டரால் ஓம் அளந்து பாருங்கள். 230 வோல்ட், 2000 வாட் காயில் 26 ஓம் பக்கம் காட்டும். மேல் காயில், கீழ் காயில் என்று இரண்டு இருந்தால் தனித்தனியாக அளந்து எழுதுங்கள்.

கவரைத் திறந்ததும், ஒரு வயரையும் தொடுவதற்கு முன்னால், நாலு பக்கமும் படம் எடுத்துவிடுங்கள். எந்த வயர் எங்கே போகிறது என்று காகிதத்தில் வரையுங்கள். படம் இருக்கிறதே என்று நான் வரையாமல் விட்டேன். படத்தில் இரண்டு வெள்ளை வயர் ஒன்றன் பின்னால் ஒன்று மறைந்திருந்தது, ஒரு முழு நாள் போனது. வாங்கும் கன்ட்ரோலர், ரிலே இரண்டுக்கும் டேட்டா ஷீட் (தயாரிப்பாளர் தரும் விவரத்தாள்) இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கவரைத் திறந்தால் பெரும்பாலும் வாரண்டி போய்விடும். காலம் மிச்சம் இருந்தால், முதல் படியில் எழுதிய எண்களைக் காட்டி முதலில் சர்வீஸ் கேளுங்கள். மிகப் பழைய ஓவன் என்றால் இன்னொரு எச்சரிக்கை: உள்ளே சுற்றியிருக்கும் காப்புப் பொருள் ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். அதைக் கலைக்காமல் கவரை மூடிவிடுவதே நல்லது. புதிய ஓவனில் கண்ணாடிப் பஞ்சு இருக்கும். கையுறையும் மாஸ்க்கும் போட்டுக்கொள்ளுங்கள்.

3. என்ன வாங்குவது, எதில் சிக்கனம் கூடாது

சென்சார்: ஓவனுக்கு கே டைப் தெர்மோகப்பிள் போதும். ஸ்டீல் குழாய்க்குள் வருவதை வாங்குங்கள். வயர் கண்ணாடி நார் உறையில் இருக்க வேண்டும். பயிற்சிப் பெட்டிகளில் வரும் எல்எம் 35-ஐ ஓவனுக்குள் வைக்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். அதன் எல்லை 150 டிகிரி. டிஎஸ்18பி20-க்கு 125. இரண்டும் ஆகாது. பிடி100 நல்ல சென்சார், 0 டிகிரியில் 100 ஓம், 100 டிகிரியில் 138.5 ஓம் என்று நிதானமாக ஏறும். ஆனால் விலை கூட, முதல்முறைக்கு அவசியம் இல்லை.

கன்ட்ரோலர்: இரண்டு வழி உண்டு. கடையில் ரெடியாகக் கிடைக்கும் பிஐடி கன்ட்ரோலரில் (பி, ஐ, டி என்ற மூன்று எண்களை வைத்து ஹீட்டரை எவ்வளவு நேரம் ஓட்டுவது என்று கணக்கிடும் பெட்டி) திரை, பொத்தான், சென்சார் இணைப்பு எல்லாம் ஒரே பெட்டிக்குள் இருக்கும். மேலே தெரியும் பிவி இப்போதைய வெப்பம், கீழே எஸ்வி நீங்கள் கேட்ட வெப்பம். இன்னொரு வழி, ஆர்டுயினோ மாதிரி ஒரு மைக்ரோகன்ட்ரோலரில் நாமே எழுதுவது. நான் இரண்டையும் செய்து பார்த்தேன். முதல் ஓவனுக்கு ரெடி பெட்டியையே சொல்வேன். நாமே எழுதுவதில் கற்றுக்கொள்வது அதிகம், உண்மைதான். ஆனால் அந்த புரோகிராம் நட்ட நடுவில் உறைந்து நின்றால் ஹீட்டர் எரிந்துகொண்டே இருக்கும். அதற்குக் காவல் போடத் தெரிந்த பிறகு அந்தப் பக்கம் போங்கள்.

இங்கேதான் நான் மாட்டிய பொறி. ஒரே தோற்றத்தில், ஒரே பெயரில், கடைசி ஓரிரு எழுத்து மட்டும் மாறி இரண்டு வகை வரும். ஒன்றில் உள்ளேயே சின்ன ரிலே இருக்கும். இன்னொன்று எஸ்எஸ்ஆர் என்கிற சாலிட் ஸ்டேட் ரிலேயை இயக்கக் குறைந்த வோல்ட் சிக்னல் தரும். நமக்கு வேண்டியது இரண்டாவது. விற்றவர் "எல்லாம் ஒன்றுதான்" என்று சொல்லி முதலாவதைக் கொடுத்தார். உள் ரிலே தாங்குவதை விட என் ஓவன் இழுக்கும் ஆம்பியர் அதிகம்; நேரடியாகக் கொடுத்தேன், மூன்றாம் நாள் புகைந்தது. பெட்டியின் பக்கவாட்டு லேபிளில் அவுட்புட் என்ன என்று படித்துவிட்டுத்தான் காசு கொடுங்கள்.

எஸ்எஸ்ஆர் ஏன் வேண்டும் என்று கணக்குப் போட்டாலே தெரியும். சாதாரண ரிலே முழுச் சுமையில் சுமார் 1 லட்சம் தடவை தட்டும் என்று டேட்டா ஷீட்டில் போட்டிருப்பார்கள். வெப்பத்தை ஒரே சீராக வைக்க 2 விநாடிக்கு ஒரு தடவை ஆன்-ஆஃப் செய்தால் மணிக்கு 1800 தடவை. 55 மணி நேரத்தில் அதன் ஆயுள் முடிந்துவிடும். 20 விநாடிக்கு ஒரு தடவை என்றால் 550 மணி நேரம் வரும், ஆனால் கட்டுப்பாடு கொஞ்சம் தளர்ந்துபோகும். எஸ்எஸ்ஆரில் அசையும் பாகமே இல்லை, அதனால் இந்தத் தேய்மானம் கிடையாது.

எஸ்எஸ்ஆர் வாங்கும்போது உங்கள் ஆம்பியரைப் போல இரண்டரை, மூன்று மடங்கு எழுதியிருப்பதை எடுங்கள். 8.7 ஆம்பியருக்கு 25 ஆம்பியர் வகை. மேலே அச்சடித்த எண், பெரிய ஹீட் சிங்க் (சூட்டை இழுத்துக் காற்றில் விடும் உலோகத் துண்டு) இருந்தால் மட்டுமே தாங்கும் எண். மட்டமான சரக்கில் அதுவும் பொய்யாக இருக்கும். டிசி உள்ளீடு, ஏசி வெளியீடு என்று இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

செலவைப் பொறுத்தவரை, கன்ட்ரோலரும் நல்ல எஸ்எஸ்ஆரும்தான் பெரும்பகுதி. தெர்மோகப்பிள் சின்னத் தொகை. வயர், லக் (வயர் முனையில் மாட்டும் உலோக வளையம்), ஹீட் சிங்க், தெர்மல் ஃபியூஸ் (அளவுக்கு மீறிச் சூடானால் உருகி மின்சாரத்தை வெட்டுவது) என்று சில்லறைச் சாமான்கள் ஒவ்வொன்றும் மலிவு, கூட்டிப் பார்த்தால் கன்ட்ரோலர் விலையைத் தொட்டுவிடும். பட்ஜெட்டில் இதை எல்லோரும் மறந்துவிடுகிறோம். மலிவாகப் போகலாம் என்றால் திரையில் போங்கள். எஸ்எஸ்ஆரிலும் வயரிலும் வேண்டாம்.

4. சென்சாரைப் பொருத்துவது

மொத்த வேலையில் இதுதான் முக்கியம், இதற்குத்தான் ஆட்கள் பத்து நிமிடம் ஒதுக்குகிறார்கள். திரையில் தெரியப்போவது சென்சார் முனையின் சூடு. அந்த முனை எங்கே இருக்கிறதோ அந்த இடத்தின் வெப்பத்தைத்தான் கன்ட்ரோலர் ஓவனின் வெப்பம் என்று நம்பும்.

நான் முதலில் பின்சுவரில், கீழ் காயிலுக்கு நாலு விரல் மேலே துளை போட்டேன். துளை போட வசதியான இடம், அவ்வளவுதான் காரணம். காயிலின் கதிர்வீச்சு நேராக முனையில் பட்டு, திரையில் 180 வந்துவிடும். நடுத்தட்டில் வெறும் 150 இருக்கும். இரண்டு வாரம் கன்ட்ரோலர் அமைப்பில் எதையெதையோ மாற்றிப் பார்த்தேன். கோளாறு அங்கே இல்லவே இல்லை.

இப்போது இருக்கும் இடம்: பக்கச் சுவரில், நடுத்தட்டின் உயரத்துக்குச் சற்று மேலே, முனை சுவரிலிருந்து 4 சென்டிமீட்டராவது உள்ளே நீண்டிருக்கிறது. காயில் முனைக்கு நேராகத் தெரியக்கூடாது. தெரிந்தால் நடுவில் ஒரு சின்ன ஸ்டீல் தகடு மறைப்பு வையுங்கள், காற்று மட்டும் சுற்றி வரட்டும். தட்டை வெளியே இழுக்கும்போது இடிக்கிறதா என்று துளை போடுவதற்கு முன்பே பாருங்கள். துளைக்குப் பின்னால் வயரோ காயில் முனையோ இல்லை என்பதையும் கவரைத் திறந்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அடுத்தது வயரின் நிறம். இதில் மாட்டாதவர்கள் குறைவு. அமெரிக்க முறைப்படி கே டைப்பில் மஞ்சள் பிளஸ், சிவப்பு மைனஸ். ஆம், சிவப்புதான் மைனஸ். சர்வதேச ஐஇசி முறையில் பச்சை பிளஸ், வெள்ளை மைனஸ். மாற்றிக் கொடுத்தால் ஓவன் சூடாகச் சூடாகத் திரையில் எண் இறங்கும். வெப்பம் குறைகிறது என்று நினைத்துக் கன்ட்ரோலர் ஹீட்டரை முழு வேகத்தில் ஓட்டும். நிறத்தை நம்பாமல் சோதிக்க ஒரு வழி உண்டு. உறையை உரித்து இரண்டு கம்பி முனையிலும் ஒரு சின்னக் காந்தத்தைக் காட்டுங்கள். மைனஸ் கம்பியான அலுமெல் மட்டும் காந்தத்தில் மெல்ல ஒட்டும். பிளஸ் கம்பியான குரோமெல் ஒட்டாது. என் வயரில் நிறம் நீலமும் சிவப்புமாக, எந்த முறையிலும் சேராமல் இருந்தது. காந்தம்தான் கைகொடுத்தது. இணைத்த பிறகு முனையை விரல்களுக்குள் பிடித்துப் பாருங்கள், எண் ஏற வேண்டும்.

வயர் எட்டவில்லை என்று சாதாரணச் செம்பு வயரால் நீட்டாதீர்கள். ஒட்டிய இடம் 60 டிகிரியிலும் கன்ட்ரோலர் 30 டிகிரியிலும் இருந்தால், திரை 30 டிகிரி குறைவாகக் காட்டும். நீட்ட வேண்டும் என்றால் கே டைப் நீட்டிப்பு வயரே வாங்குங்கள்.

5. மின்சாரப் பக்கம்

பிளக் சுவரிலிருந்து வெளியே, உங்கள் கண் முன்னால் இருக்க வேண்டும். சுவிட்சை அணைத்தால் போதாது.

இணைப்பின் வரிசை இது: பேஸ் வயர் முதலில் ஃபியூஸ் வழியாக, பிறகு தெர்மல் ஃபியூஸ், பிறகு பழைய தெர்மோஸ்டாட், பிறகு எஸ்எஸ்ஆர், பிறகு காயில். காயிலின் மறு முனை நியூட்ரல். பழைய தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியாதீர்கள், ஏன் என்று அடுத்த படியில் சொல்கிறேன். கன்ட்ரோலருக்குத் தனியாக ஒரு சின்ன ஃபியூஸோடு மின்சாரம் கொடுங்கள். கன்வெக்‌ஷன் ஃபேன் இருந்தால் அதை எஸ்எஸ்ஆருக்குப் பின்னால் கொடுக்கக் கூடாது. 2 விநாடிக்கு ஒரு தடவை நின்று நின்று ஓடும், மோட்டார் கெடும். பெரிய ஓவன்களுக்குச் சில நாடுகளில் நியூட்ரலுக்குப் பதில் இரண்டு பக்கமும் மின்சாரம் உள்ள வயர் வரும். அங்கே ஒரு எஸ்எஸ்ஆர் ஒரு பக்கத்தை மட்டும்தான் நிறுத்தும், காயிலில் எப்போதும் மின்சாரம் இருக்கும். அது எலக்ட்ரீஷியன் வேலை.

எஸ்எஸ்ஆர் ஓடும்போது ஆம்பியருக்கு ஒரு வாட்டுக்கு மேல் சூடாகும். 8.7 ஆம்பியரில் 10 வாட் பக்கம். கேட்க சின்ன எண்தான், ஹீட் சிங்க் இல்லாமல் அதுவே எரிந்துபோகப் போதும். தெர்மல் பேஸ்ட் மெல்லிசாகத் தடவி ஹீட் சிங்கில் இறுக்கி, ஓவன் சுவருக்கு வெளியே, காற்று மேலே போகும்படி செங்குத்தாக வையுங்கள். என்னுடையதைத் தனிப் பெட்டியில் போட்டு, கன்ட்ரோலரோடு சேர்த்து ஓவனுக்கு ஒரு அடி தள்ளி வைத்திருக்கிறேன். ஓவனின் தலையில் உட்கார வைக்காதீர்கள்.

சாதாரண பிவிசி வயர் 70 டிகிரிக்குத்தான். ஓவன் கவருக்குள் ஓடும் எல்லா வயரும் சிலிக்கான் உறையிலோ (180 டிகிரி தாங்கும்) கண்ணாடி நார் உறையிலோ இருக்கட்டும். காயில் முனையில் ஈயம் வைத்து ஒட்டாதீர்கள். வழக்கமான சால்டர் 183 டிகிரியிலேயே உருகும். ஒரு நாள் வயர் தானாகக் கழன்று ஓவனின் உடம்பைத் தொடும். லக் போட்டுக் கிரிம்ப் செய்து ஸ்க்ரூவில் இறுக்குங்கள். எர்த் வயரை ஓவன் உடம்புக்கும், புதுப் பெட்டி உலோகமாக இருந்தால் அதற்கும், ஹீட் சிங்குக்கும் கொடுங்கள். அப்புறம் பிளக்கின் எர்த் முள்ளுக்கும் ஓவன் உடம்புக்கும் நடுவே ஓம் அளந்து, பூஜ்யத்தை ஒட்டி வருகிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று. எஸ்எஸ்ஆர் ஆஃபில் இருக்கும்போதும் அதன் வழியாகக் கொஞ்சம் மின்சாரம் கசியும். "விளக்கு அணைந்திருக்கிறதே" என்று காயிலைத் தொட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு முறையும் பிளக்.

நீண்ட நாள் சும்மா கிடந்த ஓவனை ஓட்டியதும் வீட்டின் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானாக அணையும் சுவிட்ச்) விழுந்தால் உடனே இணைப்பைச் சந்தேகிக்க வேண்டாம். காயிலின் உள்ளே இருக்கும் மக்னீசியம் ஆக்சைடு பொடி, சும்மா கிடக்கும்போது ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதனாலும் கசிவு வரும். பிளக்கைக் கழற்றி, காயிலை வறண்ட சூடான இடத்தில் வைத்துக் காயவிட்டுப் பாருங்கள். ஆர்சிசிபியை மட்டும் ஒதுக்கிவிட்டு ஓட்டாதீர்கள். காய்ந்த பிறகும் விழுந்தால் காயிலை மாற்ற வேண்டியதுதான்.

6. எஸ்எஸ்ஆர் கெட்டால் என்ன ஆகும்

எஸ்எஸ்ஆர் கெடும்போது பெரும்பாலும் ஆஃப் ஆகாது, ஆனிலேயே ஒட்டிக்கொள்ளும். கன்ட்ரோலர் நிறுத்து என்று சொன்னாலும் ஹீட்டர் எரிந்துகொண்டே இருக்கும். இதைத் தெரிந்துகொண்ட இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, ஏனென்றால் அதுவரை என் ஓவனில் வேறு எந்தத் தடுப்பும் இல்லை.

பழைய தெர்மோஸ்டாட்டை வரிசையில் விடச் சொன்னது இதற்காகத்தான். அதன் குமிழை நீங்கள் பயன்படுத்தும் அதிகபட்ச வெப்பத்துக்கு 30, 40 டிகிரி மேலே வைத்துவிடுங்கள். துல்லியம் தேவையில்லை, மேல் எல்லையில் வெட்டினால் போதும். அதற்கும் மேலே தெர்மல் ஃபியூஸ். ஒரு தடவை உருகினால் மாற்றத்தான் வேண்டும். ஓவன் உடம்பின் வெளிப்பக்கத்தில், வழக்கமாக எவ்வளவு சூடாகிறது என்று முன்பே அளந்து, அதைவிட நன்றாகக் கூட உள்ள எண்ணில் வாங்கிப் பொருத்துங்கள். ஓவனிலேயே ஏற்கெனவே ஒன்று இருந்தால் அதைத் தாண்டி வயர் கொடுத்துவிடாதீர்கள்.

நீங்களே புரோகிராம் எழுதுபவர் என்றால் நான்கு காவல் கட்டாயம். சென்சார் அறுந்தால் ஹீட்டர் ஆஃப். ஹீட்டர் முழு வேகத்தில் பத்து நிமிடம் ஓடியும் வெப்பம் 5 டிகிரிகூட ஏறவில்லை என்றால் ஆஃப். சென்சார் துளையிலிருந்து கழன்று வெளியே தொங்கினால் இந்த நான்கில் இது ஒன்றுதான் காப்பாற்றும். வாட்ச்டாக் டைமர் போட்டு, புரோகிராம் உறைந்தால் தானாக மறுதொடக்கம் ஆகும்படி செய்யுங்கள். எஸ்எஸ்ஆர் சிக்னல் வயரில், சிக்னல் இல்லாதபோது அதைப் பூஜ்யத்திலேயே வைக்கும் கீழிழுப்பு ரெசிஸ்டர் ஒன்று வையுங்கள். போர்டு விழிக்கும் அந்த நொடியில் ஹீட்டர் தவறுதலாக எரியாது.

7. திரை

ரெடி பெட்டி வாங்கியவர்கள் இதைத் தாண்டிப் போகலாம்.

தெர்மோகப்பிள் தரும் மின்னழுத்தம் டிகிரிக்கு சுமார் 41 மைக்ரோவோல்ட்தான். அதை எண்ணாக மாற்ற மேக்ஸ் 6675 அல்லது மேக்ஸ் 31855 சிப் போர்டு வேண்டும். இரண்டுமே கால் டிகிரிப் படிகளில் சொல்லும். மேக்ஸ் 6675 ஒரு அளவெடுக்க 0.22 விநாடி வரை எடுத்துக்கொள்ளும். அதற்குள் திரும்பத் திரும்பக் கேட்டால் ஒவ்வொரு தடவையும் வேலையை நிறுத்திவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கும், எண் உறைந்தே நிற்கும். அரை விநாடிக்கு ஒரு தடவை கேளுங்கள். மேக்ஸ் 31855-இல் வயர் அறுந்ததையும் ஓவன் உடம்பைத் தொட்டதையும் தனித்தனியாகச் சொல்லும் வசதி இருக்கிறது. ஆனால் சென்சாரின் முனை அதன் ஸ்டீல் குழாயோடு உள்ளே ஒட்டியிருந்தால் எப்போதும் பிழை என்றே சொல்லும். ஒட்டாத வகையைக் கேட்டு வாங்குங்கள். போர்டு 3.3 வோல்ட் வகை என்றால் எஸ்எஸ்ஆரை நேராக இயக்காமல் நடுவில் ஒரு டிரான்சிஸ்டர் வையுங்கள். 3 வோல்ட் முதல் என்று எழுதியிருந்தாலும் பல எஸ்எஸ்ஆர்கள் அந்த எல்லையில் தடுமாறும்.

திரைக்கு நாலு இலக்க ஏழு கோட்டு எல்இடி நல்லது, தூரத்திலிருந்தே தெரியும். 16க்கு 2 எல்சிடி (வரிக்கு 16 எழுத்து, 2 வரி) என்றால் கேட்டதும் இருப்பதும் இரண்டு வரியில் காட்டலாம். வெறும் நீல ஒளி மட்டும் வந்து எழுத்து தெரியவில்லை என்றால், பின்னால் இருக்கும் சின்னத் திருகைத் திருப்புங்கள். அப்படியும் வரவில்லை என்றால் ஐ2சி முகவரி (போர்டு திரையை அடையாளம் காணும் எண்) 27-ஆ 3எஃப்-ஆ என்று மாற்றிப் பாருங்கள். சாதாரண எல்சிடி 50 டிகிரிக்கு மேல் கறுத்துப்போகும், ஆகவே அதுவும் ஓவனை விட்டுத் தள்ளியே இருக்கட்டும்.

தசமப் புள்ளி காட்டாதீர்கள். கே டைப்பின் சாதாரணத் தரத்துக்கே 2.5 டிகிரி வரை பிழை அனுமதி உண்டு. 180.25 என்று காட்டினால் பார்ப்பவர் அந்தக் கால் டிகிரியை நம்பிவிடுவார். கடைசி எட்டு அளவுகளின் சராசரியை முழு எண்ணாகக் காட்டுங்கள், எண் துடிக்காமல் நிற்கும். சென்சார் அறுந்தால் பழைய எண்ணையே விட்டு வைக்காமல் கோடுகள் காட்டச் செய்யுங்கள்.

8. ட்யூனிங்

பத்தாம் படியில் வரும் முதல் ஓட்டங்களை முடித்துவிட்டு இதற்கு வாருங்கள். ரெடி கன்ட்ரோலரில் ஆட்டோ ட்யூன் இருக்கும். ஓவன் ஆறியிருக்கும்போது, நீங்கள் அதிகம் பயன்படுத்தும் வெப்பத்தை எஸ்வியில் வைத்து ஓட்டுங்கள். கேட்ட அளவைத் தாண்டி மேலேயும் கீழேயும் இரண்டு மூன்று தடவை வேண்டுமென்றே ஆட்டிப் பார்த்துவிட்டு, தனக்கான எண்களைத் தானே எழுதிக்கொள்ளும். அரை மணியிலிருந்து ஒன்றரை மணி வரை ஆகும். இடையில் கதவைத் திறக்காதீர்கள். நான் எட்டிப் பார்க்கத் திறந்தேன், அது கற்றுக்கொண்டது திறந்த கதவோடு உள்ள ஓவனை.

முடிந்ததும் நோட்டில் பி, ஐ, டி மூன்று எண்களையும் எழுதிக்கொள்ளுங்கள். சுழற்சி நேரம் (எத்தனை விநாடிக்கு ஒரு தடவை ஆன்-ஆஃப் செய்வது) என்று ஒன்று இருக்கும், அதை 2 விநாடி வையுங்கள். பல பெட்டிகளில் ரிலேக்கான 20 விநாடி முன்கூட்டியே போட்டிருக்கும். சூடேறும்போது கேட்டதைத் தாண்டி 10 டிகிரிக்கு மேல் ஏறினால் ஐ நேரத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். ஒரு தடவைக்கு ஒரு எண் மட்டும் மாற்றி, ஓவனை ஆறவிட்டு, மறுபடி ஓட்டிப் பாருங்கள்.

9. காட்டும் எண் சரியா

பொடித்த பனிக்கட்டியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கி, முனையை நடுவில் பிடியுங்கள். 0 வர வேண்டும். கொதிக்கும் தண்ணீரில் கடல் மட்டத்தில் 100. உயரமான ஊரில் 300 மீட்டருக்கு சுமார் ஒரு டிகிரி குறையும். பாத்திரத்தின் அடியைத் தொடவிடாதீர்கள். இரண்டிலும் ஒரே அளவு தள்ளி இருந்தால் கன்ட்ரோலரின் ஆஃப்செட்டில் (காட்டும் எண்ணைக் கூட்டவோ குறைக்கவோ உள்ள அமைப்பு) அதைத் திருத்தலாம்.

இது முடிந்ததும், முதல் படியில் வைத்த மாதிரியே மல்டிமீட்டர் முனையை நடுத்தட்டில் வைத்து ஒரு மணி நேரம் எழுதுங்கள். என்னுடையது 180 கேட்டால் 177-க்கும் 184-க்கும் நடுவில் நிற்கிறது. பழைய நோட்டையும் புதிய நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த அன்று எனக்கு அவ்வளவு நிம்மதி. திரைக்கும் நடுத்தட்டுக்கும் நிலையாக 5, 6 டிகிரி வித்தியாசம் இருந்தால் அதையும் ஆஃப்செட்டில் சேருங்கள். வித்தியாசம் 20-க்கு மேல் என்றால் ஆஃப்செட்டால் மறைக்காமல் நாலாம் படிக்குத் திரும்பி சென்சாரின் இடத்தை மாற்றுங்கள்.

10. எத்தனை நாள் ஒதுக்குவது

அளக்க ஒரு மாலை. காகிதங்களும் வரைபடமும் ஒரு மாலை. சாமான் வந்து சேர்வது உங்கள் கையில் இல்லை. சென்சார் துளைக்கும் பொருத்தலுக்கும் அரை நாள், மின்சாரப் பக்கத்துக்கு ஒரு முழு நாள். இந்த இரண்டையும் ஒரே நாளில் வைக்காதீர்கள். களைத்த கையோடு எர்த் வயரை மறப்பது சுலபம். ட்யூனிங்குக்கும் சரிபார்ப்புக்கும் இரண்டு நாள், ஓவன் ஆறும் நேரம் அதிகம் பிடிக்கும்.

முதல் ஓட்டம் 100 டிகிரியில், காலி ஓவனில், நீங்கள் பக்கத்திலேயே இருக்கும்போது. அரை மணி கழித்து பிளக்கைக் கழற்றி எல்லா ஸ்க்ரூவையும் மறுபடி இறுக்குங்கள். சூடேறி ஆறியதும் அவை தளரும். என்னுடையதில் எட்டில் மூன்று தளர்ந்திருந்தன. அப்புறம் 150, அப்புறம் 200. மூன்று ஓட்டமும் தாண்டும் வரை ஓவனை விட்டு அறையை விட்டுப் போகாதீர்கள். தெர்மோஸ்டாட் காவல் வேலை செய்கிறதா என்று சோதிக்க, கன்ட்ரோலரை 150-இல் ஓடவிட்டு, பழைய குமிழை மெல்லக் கீழே திருப்புங்கள். ஓரிடத்தில் எஸ்எஸ்ஆரின் விளக்கு எரிந்தபடியே இருக்க, ஹீட்டர் மட்டும் நின்று வெப்பம் இறங்க வேண்டும்.

எல்லாம் சரியாக வந்ததும் இணைப்பு வரைபடம், எஸ்எஸ்ஆர் ஆம்பியர், தெர்மல் ஃபியூஸின் டிகிரி, பி, ஐ, டி எண்கள், ஆஃப்செட் இவற்றை ஒரே தாளில் எழுதி, தேதி போட்டு, பெட்டி மூடியின் உட்பக்கம் ஒட்டுங்கள். ஓவன் கவர் மேலும் "உள்ளே மாற்றி அமைக்கப்பட்டது, பிளக்கைக் கழற்றாமல் திறக்கக் கூடாது" என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். நாளைக்கு இதைத் திறக்கப்போவது நீங்களாகவே இருக்க வேண்டும் என்பதில்லை.